முதலில் ஓடுவது யார் மோட்டார்

ஓப்பன் சோர்ஸில் எப்படி நுழைவது என்று என்னிடம் கேட்கிறார்கள். பாலிடெக்னிக்கில் படிக்கிற பிள்ளைகள் கேட்கிறார்கள், என்னோடு ஒரகடம் கம்பெனியில் லைனில் நின்ற பெண்கள் கேட்கிறார்கள். எந்த கோர்ஸ் சேரணும், எந்த மொழியில் நிரல் எழுதக் கற்கணும் என்று பெரிய ஆளைக் கேட்பதுபோலக் கேட்கிறார்கள். நான் எந்த கோர்ஸும் சேரவில்லை. திட்டிக்கொண்டே நுழைந்தேன். என் அம்மாவின் பயிர் காய்ந்துகொண்டிருந்தது. அதைக் காய வைத்த நிரல் யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம் என்று இணையத்தில் கிடந்தது. பிரித்துப் பார்த்தேன். அவ்வளவுதான் என் நுழைவு.

அம்மா அந்த வருஷம்தான் முதல்முறையாகக் குத்தகைக்கு நிலம் எடுத்திருந்தாள். நாங்கள் காலனிக்காரர்கள். உத்திரமேரூரிலிருந்து மாகறல் பக்கம் போகிற வழியில் எங்கள் ஊர். அங்கே நிலம் வைத்திருந்தவர்கள் ஒரு பக்கம், அதில் இறங்கி நட்டவர்கள் இன்னொரு பக்கம். அம்மா ஆயுள் முழுக்க அடுத்தவர் கழனியில் நட்டாள், களை எடுத்தாள், அறுத்தாள். நிலத்துக்காரர் ஒருவர் பிள்ளைகளோடு சென்னைக்குப் போய்விட்டதால், அந்த நிலம் அவள் கைக்கு வந்தது. ஏரித் தண்ணீர் எட்டாத மேட்டு நிலம். போர்க்கிணறு இருந்தது. சொர்ணவாரி பட்டம், கோடையில் நடுகிற நெல். இந்தப் போகம் ஒழுங்காக எடுத்தால் தொடர்ந்து செய்யலாம், காய விட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று நிலத்துக்காரர் போனிலேயே சொல்லிவிட்டார். ஊரில் சில பேர் அது காயும் நாளுக்காகவே காத்திருந்தார்கள். அதை மறைத்துச் சொல்வதற்கு எனக்கு ஒன்றும் இல்லை.

நான் அப்போது கம்பெனி வேலையை விட்டுவிட்டு உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மோட்டார் கடையில் இருந்தேன். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. கடையில் செல் ஸ்டார்ட்டர் விற்றோம். கழனிக்குப் போகாமலே வீட்டிலிருந்து மிஸ்டு கால் கொடுத்தால் மோட்டார் ஓடும். கரண்ட் போய்த் திரும்பி வந்தால் தானாகவே ஓடும். முதலாளி பெட்டியையும் போர்டையும் தனித்தனியாக வாங்கி, இலவசமாகக் கிடைக்கிற ஒரு நிரலை அதில் ஏற்றித் தருவார். ஏற்றுகிற வேலை என்னுடையது. எங்கள் ஊர் டிரான்ஸ்பார்மரில் இருக்கிற மோட்டார் எல்லாவற்றுக்கும் பெட்டி மாட்டியது நான்தான். அம்மாவுடைய மோட்டாருக்கும் மாட்டினேன்.

மாட்டி முடித்ததும் டிரான்ஸ்பார்மரில் பீஸ் போக ஆரம்பித்தது.

காரணம் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. மும்முனை கரண்ட் எங்களுக்கு நாள் முழுக்க வராது. காலையில் கொஞ்ச நேரம் வரும், போகும், மறுபடி வரும். முன்பெல்லாம் கரண்ட் வந்தது தெரிந்து ஒவ்வொருவராகக் கழனிக்கு நடந்துபோய் ஸ்டார்ட்டரை அழுத்துவார்கள். ஒருவர் டீ குடித்துவிட்டுப் போவார், ஒருவர் மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டுப் போவார். மனிதர்கள் நடந்த அந்த நேரம்தான் மோட்டாருக்கு மோட்டார் இடைவெளி. இப்போது கரண்ட் வந்ததும் எல்லா மோட்டாரும் ஒரே மூச்சில் இழுத்தன. ஓட ஆரம்பிக்கும் மோட்டார் ஓடுகிற மோட்டாரைவிடப் பல மடங்கு இழுக்கும். பீஸ் தாங்குமா? தாங்கிய நாளிலும் லைன் கடைசியில் இருக்கிற அம்மாவின் போருக்கு வோல்டேஜ் செத்துப்போய் வரும். பெட்டி முயன்று பார்க்கும், முடியாது, மறுபடி முயலும், பிறகு கோளாறு என்று பூட்டிக்கொள்ளும். போய்க் கையால் எடுத்துவிட்டால்தான் திறக்கும். டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்தில் இருக்கிற பெரிய வீட்டுக்காரர் கழனியில் மட்டும் தண்ணீர் நின்றது. அம்மா கழனியில் வெடிப்பு விட்டது. கதிர் தள்ளுகிற சமயம்.

பெட்டியில் இதற்கு வழி இல்லாமல் இல்லை. கரண்ட் வந்தபிறகு எத்தனை விநாடி கழித்து ஓட வேண்டும் என்று ஒரு எண் போடலாம். ஆளுக்கு ஒரு எண் போட்டால் தீர்ந்தது. நான் முதலில் அப்படித்தான் போட்டேன். பெரிய வீட்டுக்காரருக்கு ஐந்து வந்தது, இருப்பதில் அதுதான் குறைவு. அந்த ஐந்து இரண்டு நாளில் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஒவ்வொருவராகப் பெட்டியைக் கழற்றிக்கொண்டு கடைக்கு வந்தார்கள்.

“பெரிய வூட்டுக்கு இன்னா நம்பரு போட்ட? அதையே எனக்கும் போடு” என்றார் முதலில் வந்தவர்.

“எல்லாத்துக்கும் ஒரே நம்பரு போட்டா ஒண்ணாத்தான் ஓடும்ணா. பீஸ் போவும்.”

“போனா எல்லாருதும்தான போவுது. எனக்கு மட்டும் லேட்டா வச்சா என்னுது மட்டும்தான் காயும்.”

அந்த மனிதரை முட்டாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் கணக்கு அவருக்குச் சரி. பின்னால் நில் என்று சொல்லப்பட்டவன் இந்த ஊரில் எப்போதும் பின்னாலேயே நின்றிருக்கிறான். போட்டுக் கொடுத்தேன். எல்லாருக்கும் ஐந்து. டிரான்ஸ்பார்மரும் அதற்கேற்றபடி பதில் சொன்னது. பீஸ் கட்டையை மாற்றி மாற்றி சலித்துப்போன லைன்மேன், அடுத்த தடவை கூப்பிட்டால் வரமாட்டேன் என்று டீக்கடையில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்குத்தான் நிரலின் பக்கத்தைத் திறந்தேன். குறை இருந்தால் எழுதலாம் என்று ஒரு இடம் இருந்தது. எனக்கு வந்த ஆங்கிலத்தில் எழுதினேன். உங்கள் நிரல் எங்கள் டிரான்ஸ்பார்மரைக் கொல்கிறது, எங்கள் பயிரையும் கொல்கிறது, நீங்கள் எந்தக் கழனியிலாவது கால் வைத்ததுண்டா என்று கேட்டிருந்தேன். மறுநாள் பதில் வந்தது. அந்த நிரலைப் பார்த்துக்கொள்கிறவர் தன் முகத்துக்குப் பதில் ஒரு நாயின் படத்தை வைத்திருந்தார். அந்த நாய் எனக்கு இரண்டு வரி எழுதியிருந்தது. இடைவெளி எண் ஏற்கனவே இருக்கிறது, பயனாளர்கள் ஆளுக்கு ஒன்றாக மாற்றிக்கொள்ள வேண்டும், இது நிரலின் குறை அல்ல. அதோடு என் புகாரை மூடிவிட்டார்.

மூடினால் போய்விடுவேனா? மறுபடி எழுதினேன். இந்தத் தடவை திட்டவில்லை, நடந்ததைச் சொன்னேன். எல்லாருக்கும் ஐந்து கதையை அப்படியே எழுதினேன். ஆளுக்கு ஒரு எண்ணை மனிதர்களே ஒத்துக்கொண்டு போடுவார்கள் என்று நம்பி எழுதின நிரல் இது. எங்கள் ஊரில் போடமாட்டார்கள். உங்கள் ஊரிலும் தண்ணீர் குறைந்தால் போடமாட்டார்கள். மனிதர்கள் செய்யமாட்டாத ஒன்றை நம்பியிருப்பதும் குறைதான் என்றேன்.

இதற்கு வந்த பதில் நீளமாக இருந்தது. மூடினதைத் திறந்துவிட்டார். எண்ணை நிரலே குலுக்கி எடுத்துக்கொள்ளட்டுமே, தினமும் ஒவ்வொரு பெட்டிக்கும் ஏதோ ஒன்று வரட்டும் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. பானையில் ஓலை போட்டுக் குலுக்கித் தேர்தல் நடத்தின ஊர் என்று உத்திரமேரூர் கோயில் சுவரைப் பார்க்க பஸ் பஸ்ஸாக வருகிறார்கள். இன்றைக்கு எங்கள் ஆட்களிடம் குலுக்கிப் போட்டது என்று சொன்னால், பானையை யார் பிடித்தது என்றுதான் முதலில் கேட்பார்கள். குலுக்கல் வேண்டாம், முறை வேண்டும் என்று எழுதினேன். கூட்டுக் கிணற்றில் பங்காளிகள் அடித்துக்கொண்டாலும் முறையை மட்டும் மீறமாட்டார்கள். இன்று எனக்கு, நாளை உனக்கு. இன்றைக்கு முதலில் ஓடினவன் நாளைக்குக் கடைசி, மற்றவர்கள் ஒரு படி முன்னால் வருவார்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு வரிசை எண் கொடுத்துவிட்டால், தேதியை வைத்துப் பெட்டியே தன் இடத்தைக் கணக்குப் போட்டுக்கொள்ளும். ஒரு பெட்டி இன்னொரு பெட்டியோடு பேசக்கூட வேண்டாம்.

நல்ல யோசனை, எழுதி அனுப்பு என்றார்.

எழுதினேன். எனக்கு நிரல் எழுத வரும். பாலிடெக்னிக்கில் கொஞ்சம் வந்தது, கடையில் மீதி வந்தது. ஆனால் அடுத்தவர் நிரலுக்குள் போய் எழுதுவது வேறு. அடுத்தவர் வீட்டுச் சமையல்கட்டில் நின்று சமைப்பதுபோல. கரண்டி எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். நான் போனதும் எனக்குப் பிடிக்காததையெல்லாம் மாற்றி வைத்தேன், அப்படியே மொத்தமாக அனுப்பினேன். என்ன மாற்றினேன் என்று சொல்ல வேண்டிய இடத்தில் சரி செய்தேன் என்று மட்டும் எழுதியிருந்தேன். திருப்பி அனுப்பிவிட்டார். முறைக்கு வேண்டியதை மட்டும் தொடு, மற்றதை விடு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஏன் என்று எழுது, சோதித்துக் காட்டு. படிக்கும்போது கோபம்தான் வந்தது. ஆனால் கம்பெனி லைனில் சூப்பர்வைசர் கத்துவதைக் கேட்ட காதுக்கு இது ஒன்றுமில்லை. அவன் என்னைப் பார்த்துக் கத்துவான். இந்த நாய் என் நிரலை மட்டும்தான் கடித்தது. அந்த வித்தியாசம் எனக்குப் பிடித்தது. என் பேர், ஊர், சாதி, நான் ஆணா பெண்ணா, ஒன்றும் அந்த ஆளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் இல்லை.

சின்னதாக்கி மறுபடி அனுப்பினேன். அதற்கு ஒரே ஒரு கேள்வி வந்தது. பெட்டிக்குத் தேதி தெரியாதபோது என்ன செய்யும்? ஏன் தெரியாமல் போகும், எங்கள் ஊரில் டவர் இருக்கிறது, சிம் கார்டு தேதியைக் கொண்டுவந்துவிடும் என்று எழுதிப் போட்டேன். அவர் பதில் சொல்லும்வரை காத்திருக்க எனக்கு நேரம் இல்லை. கதிருக்குப் பால் பிடிக்கிற பருவம் தொடங்கப்போகிறது. அந்தச் சமயத்தில் தண்ணீர் இல்லாமல் போனால் பதர்தான் மிஞ்சும்.

என் நிரலை ஊரில் ஏற்றிப் பார்க்கிறேன் என்று முதலாளியிடம் சொன்னேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். “எதுனா எரிஞ்சா எஞ்சட்டயதாம்மா புடிப்பானுங்க. எய்துனவங்களே சேத்துக்கினு வெளிய வுடட்டும், அப்பறம் ஏத்து” என்றார். எரிந்தால் என்னைப் பிடிக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனேன். முதலில் அம்மா பெட்டியில் ஏற்றினேன். அது ஒன்றாம் எண். வேறு யாரும் பெட்டியைத் தரவில்லை. பிறகு பீஸ் போய், லைன்மேன் சொன்ன சொல்லைக் காப்பாற்றி வராமலே இருந்து, எல்லார் கழனியும் ஒன்றாகக் காய்ந்தது. அப்போது வந்தார்கள். வந்த வரிசைப்படி எண் கொடுத்தேன். பெரிய வீட்டுக்காரர் கடைசியாக வந்தார். அவருக்குக் கடைசி எண். தினமும் மாறப்போகிற வரிசைதானே, எண் என்னவாக இருந்தால் என்ன என்றேன். சரி என்றார்கள். இனிமேல் ஒன்றாக இழுக்காது என்று சொன்னதும் லைன்மேனும் வந்து கட்டையை மாட்டினார்.

பீஸ் போகவில்லை. கரண்ட் வந்தது. ஒரு மோட்டார் இழுத்தது, அடங்கியது, அடுத்தது இழுத்தது. டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டபோது எனக்கு வந்த திமிரை இன்றைக்கும் விட்டுக்கொடுக்கமாட்டேன். மூன்று நாள் கழித்து அந்தத் திமிரை ஊர் வாங்கிக்கொண்டது.

டீக்கடையில் நின்றிருந்தேன். பெரிய வீட்டுக்காரர் வண்டியை நிறுத்தினார். பின்னால் நாலைந்து பேர். என் அம்மா அவரை இன்றைக்கும் சாமி என்பாள். நான் அண்ணா என்பேன். அது அவருக்குப் பிடிக்காது என்பதால் இன்னும் கொஞ்சம் அழுத்தியே சொல்வேன்.

“இன்னாமே, முறை முறைன்னு சொன்ன. தெனிக்கும் உங்கம்மா கயினியிலதான் மொதல்ல தண்ணி வுயுது. என்னுது தெனிக்கும் கடசி. இதான் உன் முறையா?”

“இருக்காதுண்ணா. தேதி மாறுனா மாறும்.”

“நாங்க பாத்துக்கினுதான கீறோம். கம்பூட்டருன்னா எங்களுக்குத் தெரியாதுன்னு நெனிச்சிக்கின.”

பின்னால் இருந்தவர்கள் எல்லாரும் பேச ஆரம்பித்தார்கள். இவ்வளவு நாள் அவர் முதலில் ஓட்டினபோது வாயைத் திறக்காதவர்கள். நாளை காலைக்குள் எல்லாப் பெட்டியிலும் பழையபடி ஐந்து போட்டுத் தர வேண்டும் என்றார்கள். நான் பொய் சொல்லவில்லை என்றேன். பெரிய வீட்டுக்காரர் வண்டியைக் கிளப்பிக்கொண்டே கேட்டார்: “அத எய்துன வெள்ளக்காரன் ஒத்துக்கினானா? அவனே ஒத்துக்கல, நாங்க ஏன் ஒத்துக்கணும்?”

நியாயமான கேள்வி. நாய்ப் படக்காரர் இன்னும் என் நிரலைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்தேன். சேதி எனக்கு முன்னால் வந்திருந்தது. அம்மா சோற்றை வைத்தாள். உட்காரவில்லை, நின்றபடியே கேட்டாள். “ஏண்டி, மாத்தி வச்சியா? வச்சிருந்தா இப்பவே சொல்லிடு. களவாடுன தண்ணியில வெளயற நெல்லு எனக்கு வாணாம்.”

“வைக்கலமா.”

“அப்பறம் ஏன் நம்ளுதே மொதல்ல ஓடுது?”

அதைக் கண்டுபிடிக்கத்தான் பெட்டியைக் கழற்றிக்கொண்டு வந்திருந்தேன். கடையில் நான் சோதித்தபோது போர்டுக்குக் கரண்ட் நிற்காமல் கொடுத்து, தேதியை நானே மாற்றி மாற்றிப் பார்த்தேன். சரியாக மாறியது. கழனியில் அப்படி இல்லை. கரண்ட் போனால் பெட்டி செத்துவிடும், தேதியும் அதோடு போய்விடும். எங்கள் முதலாளி வாங்கின மலிவு போர்டில் பேட்டரி கிடையாது. கரண்ட் வந்ததும் அது மறுபடி பிறக்கும். டவரைப் பிடித்துத் தேதி வாங்க நேரம் ஆகும். அதற்குள் மோட்டாரை ஓட்டிவிடும். தேதி தெரியாத பெட்டிக்கு எல்லா நாளும் முதல் நாள்தான். முதல் நாளில் ஒன்றாம் எண்தான் முதலில். நாய்ப் படக்காரர் கேட்டது இதைத்தான். கேள்வி சரி, நான் தூக்கிப்போட்டது தப்பு. அதைத் தயங்காமல் அவருக்கு எழுதினேன். டவரிலிருந்து தேதி வந்தபிறகே விநாடியை எண்ணத் தொடங்கும்படி மாற்றினேன். தேதி வரவே இல்லை என்றால் எல்லாருக்கும் பின்னால் போய் நிற்கும்படி வைத்தேன். நேரம் தெரியாதவன் முந்தக்கூடாது. கரண்டைப் பிடுங்கிப் பிடுங்கிச் சோதித்து, அதையும் எழுதி அனுப்பினேன்.

ஆனால் ஊருக்கு இது போதாது என்று எனக்குத் தெரியும். நிரல் திறந்துதான் கிடக்கிறது, வந்து பார் என்று யாரிடம் சொல்வது? பார்க்கத் தெரிந்தவனுக்குத்தானே அது திறந்தது. அதனால் இன்னொன்று சேர்த்தேன். மோட்டார் ஓடியதும் பெட்டி அதன் சொந்தக்காரர் போனுக்கு ஒரு மெசேஜ் அனுப்பும். அதில் எழுத்து கிடையாது. இன்றைக்கு அவர் எத்தனையாவது என்று ஒரே ஒரு எண். பஸ் நம்பர் படிக்கத் தெரிந்தால் போதும். பக்கத்து ஆளின் போனை வாங்கிப் பார்த்தால் அவன் எண் தெரியும். இரண்டு பேருக்கு ஒரே எண் வந்தாலோ, ஒருவனுக்கு நேற்று வந்ததே இன்று வந்தாலோ என்னைக் கேட்கலாம்.

காலையில் பெட்டிகளோடு வந்தவர்களிடம் இதைச் சொன்னேன். ஐந்து போட்டுத் தரமாட்டேன், போட்டால் நாளைக்கே பீஸ் போகும், லைன்மேன் வரமாட்டார் என்றேன். உங்கள் கையில் போன் இருக்கிறது, நீங்களே பாருங்கள். ஒரு நாள் தப்பாக வந்தாலும் என் அம்மா பெட்டியை நானே கழற்றிக் கொண்டுவந்து உங்கள் முன்னால் உடைக்கிறேன்.  முதலில் ஐந்து கேட்டு வந்தாரே, அவர்தான் பெட்டியை முதலில் நீட்டினார். பெரிய வீட்டுக்காரர் ஆள் மூலம் அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலை மும்முனை கரண்ட் வந்தபோது நான் டீக்கடையில்தான் இருந்தேன். வேண்டுமென்றே போய் நின்றேன். போன்கள் ஒவ்வொன்றாகக் கூவின. ஒருவர் போனை ஒருவர் பிடுங்கிப் பார்த்தார்கள். அம்மாவுக்கு நடுவில் ஏதோ ஒரு எண். பெரிய வீட்டுக்காரருக்கு அம்மாவுக்கு ஒரு படி முன்னால். அடுத்த நாள் எல்லாம் ஒரு படி நகர்ந்தது. அதற்கும் அடுத்த நாள் யாரும் என்னைப் பார்க்கவே இல்லை. தங்களுக்குள்தான் கேலி பேசிக்கொண்டார்கள். கடைசி எண் வந்தவன் எல்லாருக்கும் டீ வாங்கித் தர வேண்டும் என்று ஒரு சட்டம் வேறு போட்டுக்கொண்டார்கள். அந்தச் சட்டத்தை நான் நிரலில் எழுதவில்லை.

நாய்ப் படக்காரர் ஒன்றிரண்டு இடத்தில் இன்னும் கடித்தார். திருத்தினேன். ஒருநாள் கடையில் போர்டுக்கு ஈயம் வைத்துக்கொண்டிருந்தபோது, சேர்த்தாயிற்று என்று சேதி வந்தது. நான் எழுதின வரிகள் அந்த நிரலின் வரிகளாகிவிட்டன. மெசேஜில் எண் அனுப்புவது எங்களுக்குத் தோன்றவே இல்லை, அதையும் எல்லாருக்கும் வைக்கிறோம் என்று எழுதியிருந்தார். முதலாளியிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார், ஒன்றும் புரியவில்லை, ஆனால் கடையில் இருந்த எல்லாப் பெட்டியிலும் ஏற்றச் சொன்னார். பெரிய வீட்டுக்காரரிடமும் போய்ச் சொன்னேன். வெள்ளைக்காரன் ஒத்துக்கொண்டான் அண்ணா என்றேன். அவர் தலையை ஆட்டினார். அதற்குமேல் அவரிடம் எனக்கு ஒன்றும் வேண்டியதில்லை.

அம்மாவின் கழனியில் பால் பிடித்தது. வெடிப்பு விட்ட மூலையில் கொஞ்சம் பதர் விழுந்தது, மற்றதெல்லாம் நின்றது. அறுத்து வாலாஜாபாத் மில்லுக்கு ஏற்றினோம். ஏற்றுவதற்கு முன்பே நிலத்துக்காரர் சென்னையிலிருந்து வந்து களத்தில் நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்தார். அடுத்த பட்டத்துக்கு விதை எங்கே வாங்கப்போகிறாய் என்று அம்மாவிடம் கேட்டார். அவள் இரண்டு நாளாக யோசித்து வைத்திருந்த பதிலைச் சொன்னாள்.

இப்போது அந்த நிரலில் அடுத்தவர் அனுப்புவதை நானும் பார்த்துச் சொல்கிறேன். எந்த நாடோ தெரியவில்லை, ஒருவர் போன வாரம் திட்டிக்கொண்டே ஒரு புகார் எழுதியிருந்தார். மூடவில்லை. உங்கள் ஊரில் என்ன நடக்கிறது என்று முழுதாக எழுதுங்கள் என்று கேட்டிருக்கிறேன்.

அதை எழுதிக்கொண்டிருந்தபோது அம்மா கழனியிலிருந்து வந்தாள். சம்பா நட்டிருக்கிறாள். போனை என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

“உம் மெசினு இன்னிக்கி என்னிய கடசியில நிறுத்திகீது. டீ வாங்கித் தர சொல்றானுங்கோ.”

“முறைமா. வாங்கிக் குடுத்துதான் ஆவணும்.”

“குடுத்துட்டுதான் வரேன்” என்றாள். “அதான் உனக்கு இன்னிக்கி டீ கெடையாது.”